கேர்ஃபில்லியில் ஏரிக்கரையே மதில்

கேர்ஃபில்லி கோட்டை என்று தேடினால் முதலில் வருவது அதன் சாய்ந்த கோபுரம். அப்புறம், வேல்ஸிலேயே பெரிய கோட்டை, பிரிட்டனில் வின்ட்சருக்கு அடுத்தது என்கிற பெருமை. அதற்கும் கீழே போனால் அந்த ஊர்ப் பாலாடைக்கட்டி. எல்லாமே நிஜம்தான். ஆனால் நேரில் போய் நின்றபோது என் கண்ணுக்குப் பட்டது வேறு. ஓடையை மறித்து, கரை போட்டு, மதகு வைத்துத் தேக்கிய இரண்டு ஏரிகள். நடுவில் தீவு மாதிரி ஒரு மேட்டு நிலம். எல்லாரும் படமெடுக்கிற கோட்டை அந்தத் தீவில் இருக்கிறது.

எனக்கு எந்த இடமும் இப்படித்தான் கண்ணில் படும். பணிக்காலம் முழுக்கப் பொதுப்பணித்துறையில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளோடு மல்லுக்கட்டியவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, உபரி எந்த வழியாகப் போகிறது என்றுதான் பார்ப்பேன். இப்போது கார்டிஃபில் மகள் வீட்டில் இருக்கிறேன். அங்கிருந்து கேர்ஃபில்லி ரயிலில் இருபது நிமிடம். மலைக்கு அடியில் ஒரு நீளமான சுரங்கம் வரும், அதைத் தாண்டியதும் ஊர். ஸ்டேஷனிலிருந்து இறக்கத்தில் கொஞ்சம் நடந்தால் போதும், கோட்டையைத் தேட வேண்டியதே இல்லை, அதுவே முன்னால் வந்து நிற்கும். சுமார் 30 ஏக்கர்.

வழியில் தொப்பி போட்ட ஒரு சிலை. டாமி கூப்பர் என்ற நகைச்சுவை நடிகர், 1921இல் இந்த ஊரில் பிறந்தவர். வேண்டுமென்றே மாயவித்தையில் சொதப்பிச் சிரிக்க வைப்பாராம். மாப்பிள்ளை போனில் ஒரு வீடியோ காட்டினார். சிரிப்பு வந்தது.

டிக்கெட் கவுன்டர் பக்கம் எல்லாரும் நடக்க, நான் இடதுபுறம் புல்வெளியில் இறங்கிவிட்டேன்.

"மாமா, உள்ளே போற வழி அந்தப் பக்கம்."

"இருங்க மாப்பிள்ளை, மதகு எங்கே இருக்குன்னு பார்த்துட்டு வரேன்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். பேத்தி மட்டும் கூட வந்தாள், அவளுக்கு டிராகன் எங்கே என்பதுதான் கவலை.

ஊரைப் பார்த்து நிற்கிற அந்தக் கிழக்குச் சுவரை எல்லாரும் கோட்டை மதில் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். அது மதில்தான், ஆனால் அணையும் அதுதான். தெற்குப் பக்கக் கரை மட்டும் 152 மீட்டர் நீளம். ஊர்ப் பக்கமாக, சீரான இடைவெளியில் பெரிய பெரிய முட்டுச் சுவர்கள் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கின்றன. பார்க்கிறவர்களுக்கு அவை கோபுரம் மாதிரித் தெரியும். முட்டுச் சுவர் எதற்கு? பின்னால் நிற்கிற தண்ணீர் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு எதிராக வெளியிலிருந்து கொடுக்கிற முட்டு அது. அதையே வில்லாளிகள் நிற்பதற்கும், சுவரை ஒட்டி வருகிறவன் மேல் பக்கவாட்டிலிருந்து அம்பு விடுவதற்கும் ஏற்ற மாதிரி கட்டியிருக்கிறார்கள். ஒரே செலவில் இரண்டு வேலை. 13ஆம் நூற்றாண்டில் எஸ்டிமேட் போட்டவருக்கு ஒரு கும்பிடு.

பக்கத்தில் போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். பென்னன்ட் மணற்கல். இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க வீடுகளும் தேவாலயங்களும் இந்தக் கல்லில்தான். சாம்பல் நிறத்தில் லேசான பச்சை ஓடும், பலகை பலகையாகப் பிளக்கிற ஜாதி. அதனால் நம் கோயில் மதில்களில் இருப்பது போன்ற பெரிய பாளங்கள் கிடையாது. தட்டையான துண்டுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் வரிசையாக அடுக்கி எழுப்பியிருக்கிறார்கள். சில வரிசைகளில் இரண்டு விரல் கனம்கூட இல்லை. இவ்வளவு சின்னக் கல்லை வைத்து இவ்வளவு பெரிய கட்டுமானம் என்றால் எத்தனை கைகள் வேலை செய்திருக்க வேண்டும்! பழக்க தோஷம், குனிந்து அடிப்பகுதியில் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்தேன். அங்கே புல் நல்ல பச்சை. ஆனால் இந்த ஊரில் எங்கேயும் புல் பச்சைதான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

தண்ணீர் வருவது நான்ட் இ கிளெடிர் என்ற சின்ன ஓடையிலிருந்து. நம் ஊரில் அதை ஓடை என்றுகூடச் சொல்வார்களா தெரியாது, கால்வாய் என்பார்கள். ஆனால் ஆண்டு முழுக்க ஓடும். மழையைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் கவலை கிடையாது. பள்ளத்தில் வரும் அந்த ஓடையைக் கிழக்கே ஒரு கரை போட்டு நிறுத்தினால் பின்னால் உள்ள சதுப்பு மொத்தமும் நிரம்பிவிடும். முதலில் தெற்கு ஏரி. அப்புறம் வடக்குப் பக்கமும் கரையை நீட்டி இன்னொரு ஏரி.

இவ்வளவு தண்ணீர் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையில் இருக்கிறது. 1266இல் மன்னர் மூன்றாம் ஹென்றியின் படை அந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. அங்கேயும் அணை கட்டித் தேக்கிய பெரிய ஏரி. கல்லெறிப் பொறிகளைக் கொண்டுவந்தார்கள், என்னென்னவோ செய்தார்கள். ஆறு மாதம் ஆகியும் படையால் உள்ளே நுழைய முடியவில்லை. கடைசியில் பசியும் நோயும்தான் உள்ளே இருந்தவர்களைப் பணிய வைத்தன. அந்த முற்றுகைக் காலத்தில் வாழ்ந்த பெரிய பிரபுக்களில் ஒருவர் கில்பர்ட் டி கிளேர். தலைமுடி செம்பட்டை என்பதால் 'சிவப்பு கில்பர்ட்'. கிளமோர்கன் பகுதி அவர் கையில் இருந்தது. கெனில்வொர்த் கற்றுக்கொடுத்த பாடம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. 1268 ஏப்ரல் 11 அன்று கேர்ஃபில்லியில் கோட்டை வேலையைத் தொடங்கினார்.

கோட்டைச் சுவரை உடைக்கக் கல்லெறிவதைவிடத் தந்திரமான வழி, அடியில் சுரங்கம் தோண்டுவது. அஸ்திவாரத்துக்கு அடியில் குடைந்து, மரத்தூண் கொடுத்து, பிறகு அந்த மரத்துக்குத் தீ வைத்தால் சுவர் தானே உட்காரும். நாலு பக்கமும் தண்ணீர் நின்றால் எங்கே தோண்டுவது? தோண்டின குழியில் ஊற்று அடிக்கும். ஏணி சாத்த இடமில்லை, சக்கரம் வைத்த மரக்கோபுரத்தைத் தள்ளிக்கொண்டு வர வழியில்லை. கல்லெறிப் பொறியையும் ஏரிக்கு அக்கரையில்தான் நிறுத்த வேண்டும். பத்தடி அகல அகழி என்றால் விறகுக் கட்டையும் மண்ணும் போட்டு ஒரு ராத்திரியில் தூர்த்துவிடலாம். ஓர் ஏரியைத் தூர்ப்பதற்கு யாரிடமும் ஆள்பலம் கிடையாது.

சரி, எதிரிக்கு மிச்சமிருக்கிற ஒரே வழி என்ன? கரையை உடைப்பது. எங்கள் வேலையில் நாங்கள் மழைக்காலம் முழுக்கப் பயந்தது இதற்குத்தான். கரை ஓர் இடத்தில் பிளந்தால் போதும், ஒரே ராத்திரியில் ஏரி காலி. அதனால்தான் இந்தக் கோட்டையில் மிகப் பலமான கட்டுமானம் கரையில் இருக்கிறது. கரைக்கு முன்னால் இன்னொரு அகழி. நடுவில் இரட்டைக் கோபுரம் வைத்த வெளிவாயில், தூக்குப் பாலத்தோடு. தென்கோடியில் நான் தேடிப்போன ஆள்: ஃபெல்டன் கோபுரம். சதுரமான, அலங்காரம் எதுவும் இல்லாத கட்டடம். தண்ணீர் மட்டத்தைக் கூட்டிக் குறைக்கிற மதகுகளைக் காப்பதற்காகவே கட்டியது. பயணிகள் யாரும் அங்கே நிற்கவில்லை. நம்மிடம் மதகுக்குக் காவல் என்றால் லஸ்கர் ஒருவர், துருப்பிடித்த பூட்டு ஒன்று. இங்கே தனிக் கோபுரமே கொடுத்திருக்கிறார்கள். நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பக்கத்தில் தண்ணீரால் ஓடிய மாவு ஆலையின் மிச்சமும் கிடக்கிறது. தேக்கின தண்ணீரைச் சும்மா விடாமல் மாவும் அரைத்திருக்கிறார்கள்.

"தாத்தா, இங்க ஒண்ணுமே இல்ல, வெறும் கல்லுதான் இருக்கு."

சரி என்று உள்ளே போனோம்.

கட்டுமான வரலாற்றில் ஒரு கூத்து உண்டு. வேல்ஸ் இளவரசர் லுவெலின் அப் கிரிஃபித்தும் இந்தப் பகுதி தன்னுடையது என்று உரிமை கோரினார். தன் மண்ணில் இன்னொருவன் கோட்டை எழுப்புவதைப் பார்த்துக்கொண்டு இருப்பாரா? 1270இல் படையோடு வந்து, கட்டின வரைக்கும் எரித்து அழித்தார். மறு வருடம் கில்பர்ட் திரும்பத் தொடங்கினார். சண்டை பெரிதாகும் என்று பயந்த அரசர், இரண்டு பேரும் விலகுங்கள் என்று சொல்லி, இரண்டு பிஷப்புகளின் பொறுப்பில் கோட்டையை ஒப்படைத்தார். தகராறு தீரும்வரை வேலை நிறுத்தம். 1272இன் தொடக்கத்தில் கில்பர்டின் ஆட்கள் புகுந்து கோட்டையை எடுத்துக்கொண்டார்கள். விசாரித்தபோது கில்பர்ட் சொன்ன பதில்: எனக்கு ஒன்றும் தெரியாது. வேலை மட்டும் ஜரூராக நடந்தது. ஸ்டே ஆர்டர் இருக்கும்போதே ராத்திரியில் கான்கிரீட் போடுகிற ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன்.

உள்ளே வட்டத்துக்குள் வட்டமாக இரண்டு மதில்கள். வெளிமதில் தாழ்வு, உள்மதில் உயரம். உள்ளே நிற்கிறவன் முன்னால் இருக்கிறவனின் தலைக்கு மேலே அம்பு விடலாம். பிரிட்டனில் இந்த அமைப்பில் ஆரம்பத்திலிருந்தே திட்டம் போட்டுக் கட்டிய முதல் கோட்டைகளில் இது ஒன்று. முதலாம் எட்வர்டு வட வேல்ஸில் கட்டிய புகழ்பெற்ற கோட்டைகள் எல்லாம் இதற்குப் பிறகு வந்தவை. கிழக்கு உள்வாயில் கோபுரம் ஒன்று இருக்கிறதே, அதுவே தனிக்கோட்டை. வெளியிலிருந்து வருகிறவனுக்கு எதிராக மட்டுமல்ல, உள்முற்றத்திலிருந்து வருகிறவனுக்கு எதிராகவும் கதவும் இரும்பு முனை வைத்த தொங்கு வேலியும் போட்டு அடைத்துக்கொள்ளலாம். மற்ற இடமெல்லாம் பறிபோனாலும் காவல் தலைவன் அதற்குள் உட்கார்ந்து சண்டை போடலாம். பிஷப்புகளிடமிருந்தே கோட்டையைக் களவாடியவருக்கு, உள்ளே இருக்கிறவர்கள் மேலும் சந்தேகம் இருந்ததில் ஆச்சரியமில்லை.

பெரிய மண்டபம் 1320களில் அப்போதைய உரிமையாளர் ஹியூ டெஸ்பென்ஸர் புதுப்பித்தது. அதன் தெற்கே ஒரு வாசல். கவிந்த கூரைக்கு அடியில் படிகள் இறங்கி நேராக ஏரிக்குப் போகின்றன. படகில் சாமான் வந்து இறங்க ஒரு படித்துறை. எனக்கு மண்டபத்தைவிட இது பிடித்தது. கடைசிப் படிக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் ஏரியின் முழுக்கொள்ளளவு மட்டம் தெரிந்துவிடும். எட்டிப் பார்த்தேன். "அப்பா, போதும், விழுந்துடப் போறீங்க" என்று மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அந்த டெஸ்பென்ஸர் மன்னர் இரண்டாம் எட்வர்டின் செல்லப்பிள்ளை. இருவருக்கும் எதிராக ராணி இசபெல்லாவே படை திரட்டி வந்துவிட்டாள். 1326இல் இருவரும் ஓடிவந்து சில நாள் இங்கே தங்கினார்கள். இந்தத் தண்ணீருக்கு நடுவிலேயே இருந்திருக்கலாம். ஏனோ வெளியே போனார்கள், பிடிபட்டார்கள். டெஸ்பென்ஸரை ஹெரிஃபோர்டில் கொடூரமாகக் கொன்றார்கள். ஆனால் அவருடைய மகன், அவன் பெயரும் ஹியூ, கோட்டைக்குள் இருந்தான். கூட ஜான் டி ஃபெல்டன் தலைமையில் 130 பேர். வெளியே ராணியின் படை 425 பேர். உள்ளே இருக்கிற மற்ற எல்லாருக்கும் மன்னிப்பு உண்டு, அந்தப் பையனுக்கு மட்டும் கிடையாது என்றார்கள். ஃபெல்டன் கதவைத் திறக்கவில்லை. 1327 மார்ச் வரை தாக்குப்பிடித்தார். பையனின் உயிருக்கு உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் கோட்டை கைமாறியது. மதகுக் கோபுரத்துக்கு அவர் பெயர் இருப்பது எனக்கு ரொம்பப் பொருத்தமாகத் தோன்றியது. ராஜாக்கள் பெயரை வைக்க எத்தனையோ இடம் இருக்கிறது.

இனி அந்தச் சாய்ந்த கோபுரம். அதையும் சொல்லாவிட்டால் மாப்பிள்ளை கோபித்துக்கொள்வார். உள்மதிலின் தென்கிழக்கு மூலையில் நிற்கிறது. சாய்வு சுமார் 10 டிகிரி. பைசா கோபுரம் இப்போது 4 டிகிரி. தூக்குக்குண்டு கட்டி மேலிருந்து விட்டால் சுமார் 3 மீட்டர் தள்ளித்தான் விழும். உட்பக்கப் பாதி இடிந்து போய்விட்டது, வெளிப்பக்கப் பாதி ஏரியைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. அடியில் நின்று மேலே பார்த்தால் கழுத்து வலிப்பதற்கு முன் வயிறு கலங்கும். 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப் பார்த்ததால் சாய்ந்தது என்பது ஒரு கதை. நிலம் உள்வாங்கியது என்பதுதான் பொருத்தமான விளக்கம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். என் ஓட்டும் அதற்குத்தான். வெடி வைத்தால் சுவர் சிதறும், இப்படி ஒழுங்காக ஒரே துண்டாகச் சாயாது. நூற்றாண்டுக்கணக்கில் தண்ணீருக்குப் பக்கத்தில் ஊறிக் கிடந்த மண், ஏரி வற்றிக் காய்ந்தால் இறுகும், இறங்கும். இது என் கணிப்பு மட்டும்தான், மண் பரிசோதனை அறிக்கை எதையும் நான் பார்க்கவில்லை. அந்தச் சுண்ணாம்புச் சாந்து இத்தனை சாய்விலும் கல்லை விடாமல் பிடித்திருக்கிறதே, அதைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோபுரத்துக்குக் கீழே மரத்தில் செதுக்கிய ஓர் ஆள் இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடிக்கிறார். எல்லாரும் அவர் பக்கத்தில் நின்று படமெடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். அவர் வேடிக்கைப் பொம்மை இல்லை, பியூட் என்ற பிரபுப் பரம்பரையின் நாலாவது மார்க்வெஸ் (மார்க்வெஸ் என்பது பிரபுப் பட்டம்). இன்று நாம் பார்க்கிற கோட்டைக்குப் பாதிக் காரணம் அவர்தான்.

ஏனென்றால் ஏரியைப் பராமரிக்க ஆள் இல்லாவிட்டால் அது தானே செத்துப்போகும். மதகு மரம் உளுத்துவிடும், வண்டல் சேரும், கரை அரிக்கும். 1530களில் ஜான் லேலண்டு என்பவர் இங்கே வந்தபோது பார்த்தது சதுப்புக்கு நடுவே நிற்கும் இடிந்த சுவர்களைத்தான். 1583இல் குத்தகைக்கு எடுத்தவர் தன் மாளிகைக்குக் கல் வேண்டும் என்று இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனார். பிறகு ஊர் வளர்ந்து, வீடுகள் கரையை ஒட்டியே முளைத்தன. ஏரிக்கரை ஆக்கிரமிப்பு என்றால் நம் ஊர் விவகாரம் மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பியூட் குடும்பத்தின் பணம் நிலக்கரியிலும் கார்டிஃப் துறைமுகத்திலும் வந்தது. மூன்றாவது மார்க்வெஸ் மண்டபத்துக்குக் கூரை போட்டார், சுற்றியிருந்த வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கினார். நாலாவது ஆள் 1928 முதல் 1939 வரை பெரிய அளவில் வேலை பார்த்தார். விழுந்த கல்லை எடுத்து அடுக்கினார், காணாமல் போன பகுதிகளுக்கு அச்சு எடுத்துச் செய்தார், உள்வாயில் கோபுரத்தைத் திரும்ப எழுப்பினார், கரையை மறைத்த வீடுகளை இடித்தார். சாய்ந்த கோபுரத்தை மட்டும் நிமிர்த்தவும் இல்லை, இடிக்கவும் இல்லை. அந்த விவேகத்துக்காகவே சிலை வைக்கலாம். 1950இல் கோட்டை அரசு கைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் ஏரிகளில் திரும்பத் தண்ணீர் நிரப்பினார்கள். நாம் பார்ப்பது 13ஆம் நூற்றாண்டு கரையும் 20ஆம் நூற்றாண்டுத் தண்ணீரும்.

அந்தக் கரிப் பணத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே பள்ளத்தாக்கில் சில மைல் தள்ளி செங்ஹெனித் என்ற ஊர். 1913 அக்டோபர் 14 அன்று அங்கே சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பிரிட்டனின் சுரங்க விபத்துகளிலேயே மோசமானது அதுதான். திரும்பக் கட்டிய சுவர்களைப் பார்க்கும்போது அந்த ஊரும் நினைவுக்கு வரத்தான் செய்தது.

போகிறவர்களுக்கு: டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் ஊர்ப் பக்கமாகக் கரையின் அடியில் ஒரு நடை நடந்துவிடுங்கள், அதற்குக் காசு கிடையாது. பிறகு ஏரியைச் சுற்றி மேற்குப் பக்கம் போனால் கோட்டை மொத்தமும் தண்ணீரில் தெரியும். படத்துக்கு அதுதான் இடம். தெற்குக் கரை மேல் பழைய மாதிரியில் செய்த கல்லெறிப் பொறிகள் நாலு நிற்கின்றன, பசங்களுக்குப் பிடிக்கும். டிராகன் பொம்மையும் உண்டு, உள்ளே. காற்று ஊசி மாதிரி குத்தும், வெயில் அடித்தாலும் ஸ்வெட்டர் வேண்டும். ஊர்ப் பாலாடைக்கட்டி கொஞ்சம் புளிப்பு, நல்ல உப்பு, கையில் எடுத்தால் உதிரும். சுரங்கத்தில் வியர்த்து உழைத்தவர்கள் உப்புக்காகவே இதை விரும்பிச் சாப்பிட்டார்கள் என்கிறார்கள்.

எனக்கு அடுத்தது ஆங்கில்சி தீவில் உள்ள போமாரிஸ். 1295இல் தொடங்கி முடிக்காமலே விட்ட கோட்டை. அகழிக்குள் கடல் தண்ணீர் வந்து, கப்பல் கோட்டை வாசல்வரை வருகிற மாதிரி துறை வைத்திருக்கிறார்கள். ஓதம் ஏறி இறங்கும்போது அந்த மட்டத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்க்க வேண்டும். கார்டிஃபிலிருந்து காரில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். மாப்பிள்ளை இன்னும் சரி என்று சொல்லவில்லை.